பொறுப்புள்ள பிரேதம்

பூமியின் சூட்டைத் தணிக்கும் மாபெரும் பணிக்காகத் தங்கள் வாழ்நாளை அர்ப்பணித்தவர்கள் உலகில் பலர் உண்டு. செத்த பிறகும் அந்தப் பணியில் முழுநேரமாக ஈடுபட்டிருந்தவர் என்ற பெருமை, மேற்கு ஆப்பிரிக்காவின் அதுவாசோ ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் யாவ் நியார்கோ ஒருவருக்கே உரியது. அவருக்கு முன் அப்படி யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்குப் பின் பலர் வருவார்கள் என்று அவருடைய குடும்பம் உறுதியாக நம்புகிறது.

உயிரோடு இருந்தவரை அவர் இந்தத் துறையில் எதையும் சாதிக்கவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார். சைக்கிளில் திரும்பி வந்தார். தோட்டத்துக் கோக்கோயாம் கிழங்கையும் கீரையையும் தின்றார். வீட்டில் ஒரு மின்விசிறி இருந்தது. அதைப் போட விடமாட்டார். காரணம் கொள்கை அல்ல, குளிர். அவருக்குக் குளிர் ஆகாது. ஹர்மட்டான் காற்று வடக்கேயிருந்து தூசியை அள்ளிக்கொண்டு வரும் மாதங்களில், இரண்டு சட்டை, அதன்மேல் மனைவியின் பழைய துணி, காலுக்கு உறை என்று கட்டிலில் ஒரு மூட்டையாகக் கிடப்பார். குளிர்ந்த தண்ணீரைக் கையால்கூடத் தொடமாட்டார்.

"பனி பெய்யுற நாட்டுல பொறந்திருந்தா, பொறந்த அன்னைக்கே போயிருப்பீங்க" என்பாள் மனைவி அஃப்ரியே.

"அதான் யோசிச்சு இங்க பொறந்தேன்" என்பார் அவர்.

அப்படிப்பட்டவர் ஒரு விடியற்காலையில், வாசலில் வெயில் வருவதற்காகக் காத்திருந்தபடியே, நாற்காலியில் இறந்துபோனார். அஃப்ரியேவின் விருப்பம் எளிமையானது. வருகிற சனிக்கிழமை அவரை மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும். மண் சூடாக இருக்கும்.

ஆனால் பிரேதம் மனைவிக்குச் சொந்தமில்லை. பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்களுக்கும் இல்லை. ஒரு ஆள் அவனுடைய அம்மா வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். நடுவில் கொஞ்ச காலம் மனைவியிடம் இருக்கிறான், அவ்வளவுதான். இது அஃப்ரியேவுக்கும் தெரியும். ஆகவே குடும்பம் கூடிப் பேசி நாள் குறிக்கும்வரை, யாவ் நியார்கோ ஊர் எல்லையில் இருந்த தனியார் பிணவறையின் குளிர்பெட்டிக்குப் போனார். போகும்போது காலுறை போட்டுவிட்டாள். அங்கே கழற்றிவிட்டார்கள்.

முதல் வாரச் சடங்கன்று குடும்பம் கூடியது. நடுவில் குடும்பத் தலைவர் தாச்சி உட்கார்ந்திருந்தார். இறந்தவருக்குத் தாய்மாமன், ஊரில் எந்தச் சாவு வீட்டுப் பந்தலும் அவர் கண்ணில் சிறிதாகவே தெரியும். அவருக்கு வலப்பக்கம் இறந்தவரின் தங்கை ஸெர்வா. இடப்பக்கம் ஸெர்வாவின் மகன் டாக்டர் சார்பொங். ஐரோப்பாவில் ஒரு காலநிலை நிறுவனத்தில் பெரிய பதவி. தாய்மாமனின் சாவுக்காக விமானத்தில் வந்திருந்தார். வாசலுக்கு வெளியே விருந்தினர்களின் கார்கள் வரிசையாக நின்றன. திரும்பிப் போகும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக எல்லா ஓட்டுநர்களும் இன்ஜினை ஓடவிட்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே டாக்டர் சார்பொங் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

"ஒரு சாதாரண சாவுச் சடங்கு எவ்வளவு புகையை வெளியே விடுதுன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

தாச்சி யோசித்தார். "பந்தல்ல உட்காந்து சிகரெட் குடிக்கிறவங்களைச் சொல்றியா?"

"இல்ல தாத்தா. ஜெனரேட்டர், கார், பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணி பாக்கெட், போஸ்டர், எல்லாத்தையும் சொல்றேன். எல்லாம் சேந்து பூமியைச் சுடுது. மழை தப்புது, கோக்கோ காயுது. இதுக்கு யார் பொறுப்பு?"

சாவு வீட்டில் ஏதாவது தவறு என்றால் வழக்கமாகச் செய்வதுபோல எல்லோரும் விதவையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒவ்வொரு தனிமனிதரும் பொறுப்பு" என்றார் சார்பொங்.

தனிமனிதர் என்றால் வேறு யாரோ ஒருவர் என்று தெரிந்ததும் கூட்டம் நிம்மதியடைந்து கைதட்டியது.

அன்றே வரலாறு படைக்கப்பட்டது. நாட்டின் முதல் 'காலநிலைப் பொறுப்புள்ள இறுதிச்சடங்கு' யாவ் நியார்கோவுக்கு நடத்தப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்கென ஒரு குழு அமைந்தது. தலைவர் தாச்சி, ஆலோசகர் சார்பொங், ஆடைப் பொறுப்பு ஸெர்வா. கடைசியில் அஃப்ரியே கையை உயர்த்தினாள்.

"அடக்கம் என்னைக்கு?"

"அத்தை, அவசரப்பட்டா பசுமை கெட்டுடும்" என்றார் சார்பொங் அன்போடு.

"அவருக்குக் குளிர் ஆகாதுப்பா."

"அண்ணி, செத்தவங்களுக்குக் குளிர் தெரியாது" என்றாள் ஸெர்வா.

"பூமிக்குச் சூடு தெரியுதாமே, அதை மட்டும் நம்பணுமா" என்று அஃப்ரியே முணுமுணுத்தாள். இன்ஜின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

நாள் குறிப்பதில்தான் முதல் சிக்கல் வந்தது. தாய்மாமனின் இறுதிச்சடங்குக்கு மருமகன் இல்லாமல் முடியாது. ஆனால் டாக்டர் சார்பொங்குக்கு ஒரு கொள்கை இருந்தது. வருடத்துக்கு ஒரே ஒரு சொந்த விமானப் பயணம். அந்த வருடத்துப் பயணத்தை இந்த முதல் வாரச் சடங்குக்காகச் செலவழித்துவிட்டார்.

"அப்ப போன மாசம் பிரேசில் போனியே?" என்று கேட்டாள் அவருடைய தாயார்.

"அது நிறுவனப் பயணம்மா. அந்தப் புகை நிறுவனத்தோடது. அதுக்கு முன்னாடி மாசம் ஜப்பான் போனதும் அப்படித்தான். அங்க விமானப் பயணத்தைக் குறைக்கிறது பத்தித்தான் பேசினோம்."

எனவே நிறுவனம் எப்போது அவரைத் தலைநகர் அக்ராவுக்கு ஒரு மாநாட்டுக்கு அனுப்புகிறதோ, அந்த வாரக் கடைசியில் அடக்கம். அப்போது மாமனின் சாவுக்காக ஒரு துளிப் புகையும் கூடுதலாக வெளியேறாது. அதுவரை மாமன் பொறுத்திருக்க வேண்டும். குழு அதை ஏகமனதாக ஏற்றது. அக்ரா மாநாடு முதலில் ஈஸ்டருக்குப் பிறகு என்றார்கள். பிறகு மழைக்காலத்துக்குத் தள்ளிப்போனது. மழைக்காலம் வந்ததும், பருவநிலை மாற்றத்தால் மழை எப்போது நிற்கும் என்று சொல்ல முடியவில்லை என்ற காரணத்துக்காக மறுபடி ஒத்திவைக்கப்பட்டது.

குழு அந்த மாதங்களை வீணாக்கவில்லை. காகிதப் போஸ்டர் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக நான்கு சாலைச் சந்திப்பில் வீட்டுச் சுவர் அளவுக்கு ஒரு மின்திரை நிறுத்தப்பட்டது. அதில் இரவும் பகலும் யாவ் நியார்கோ சிரித்துக்கொண்டிருந்தார். படத்தின் கீழே 'குளிர்ந்த உலகம் நோக்கி' என்ற வாசகம் ஓடியது. பிளாஸ்டிக் நாற்காலி ஒழிக்கப்பட்டது. மர நாற்காலி செய்வதற்காக ஆற்றங்கரையிலிருந்த 'ஒடும்' எனப்படும் பெருமரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய பாவத்துக்கு ஈடாகத் தாச்சியின் வீட்டுப் பின்புறம் மரக்கன்றுகள் இறக்கப்பட்டன. அவற்றை ஆடுகள் தின்றுவிட்டபோது, கன்றுகளில் இருந்த கார்பன் 'கால்நடைத் துறைக்கு மாற்றப்பட்டது' என்று குழு பதிவு செய்துகொண்டது. தண்ணீர் பாக்கெட்டும் ஒழிக்கப்பட்டது. வடக்கேயிருந்து மண்பானைகள் லாரி லாரியாக வந்தன. வழியில் பாதி உடைந்ததால் மறுபடியும் லாரிகள் போயின. ஸெர்வா, சாவுத் துணிக்குக் கறுப்பும் சிவப்பும் வழக்கம், இந்த முறை துணியின் கரையில் பச்சை வேண்டும் என்று முடிவெடுத்தாள். ரசாயனம் படாத பருத்தியில் அந்தப் பச்சை நெதர்லாந்தில் மட்டும் கிடைத்தது.

இதையெல்லாம் அஃப்ரியே கறுப்புத் துணியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடக்கம் முடியும்வரை விதவை சந்தைக்குப் போகக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது. அவள் போக அனுமதி இருந்த இடம் பிணவறை ஒன்றுதான்.

அங்கே அவளுக்கு ஒரு துணை கிடைத்தது. மான்சா சாலையோரத்தில் கரியடுப்பு வைத்துப் பழுத்த வாழைக்காய் சுட்டு, வேர்க்கடலையோடு விற்பவள். சந்திப்பில் மின்திரை வந்த மறுநாள், பச்சைச் சட்டை போட்ட குழுவின் இளைஞர்கள் அவளிடம் வந்தார்கள்.

"ஆன்ட்டி, இந்தக் கரிப்புகை பூமிக்குக் கேடு."

"வாழைக்காய்க்கு நல்லது தம்பி."

"ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பொறுப்பை உணரணும். திரையில புகை படியுது."

"அந்தத் திரைக்குப் பின்னாடி ஒரு ஜெனரேட்டர் உறுமுதே, அது என்ன விடுது, சாம்பிராணியா?"

இளைஞர்கள் அதைப் பற்றிக் குழுவிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி, அடுப்பை மட்டும் அன்றே அப்புறப்படுத்தச் சொன்னார்கள். மான்சா அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஊரையே சுற்றினாள். கடைசியில் பிணவறையின் பின்சுவரோரம் இடம் பிடித்தாள்.

"ஏன் இங்க?" என்று கேட்டாள் அஃப்ரியே.

மான்சா சுவரின் மறுபக்கத்தைக் கண்ணால் காட்டினாள். மின்சாரம் போகும்போதெல்லாம் அங்கே ஒரு பெரிய டீசல் ஜெனரேட்டர் ஓடும். மின்சாரம் பெரும்பாலும் போய்க்கொண்டே இருந்தது. குழாயிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழுந்து மாமரத்தைத் தாண்டிப் போனது.

"இங்க என் புகையை எவனும் கண்டுபிடிக்க முடியாது. உன் புருஷன் புகைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன்" என்றாள் மான்சா.

"அவர் ஆயுசுல பீடிகூடக் குடிச்சதில்ல."

"இப்பக் குடிக்கிறாரு. நாள்பூரா."

அஃப்ரியே சிரித்துவிட்டாள். உடனே வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சுற்றும் பார்த்தாள். பிணவறைக் காவலாளி மட்டும்தான் இருந்தான். அவன் வாழைக்காய் தின்றுகொண்டிருந்தான்.

"அவரை ஒரு தடவை பாக்கலாமா?" என்று அவனிடம் கேட்டாள்.

"குடும்பத் தலைவர் சொன்னாத்தான் திறக்கலாம் அம்மா. பிரேதம் அவங்க பேருல இருக்கு."

"ஒரு துணி மட்டுமாவது போத்தி விடு."

"எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. துணி போட்டா குளிர் உள்ள போகாது. குளிரணும்னுதானே வச்சிருக்கு." அவன் கொஞ்சம் இறங்கி வந்தான். "கவலப்படாதீங்க. பக்கத்துப் பெட்டியில ஒரு பெரிய மனுஷன் இருக்காரு. வாரிசுத் தகராறு. நான் வேலைக்குச் சேந்ததுக்கு முன்னாடியிருந்து இருக்காரு. உங்களவர் தனியா இல்ல."

இது ஆறுதல் என்று அவன் உண்மையாகவே நினைத்தான். அஃப்ரியே வீட்டுக்குப் போகும் வழியில் சந்திப்பில் நின்றாள். திரையில் கணவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அது பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த படம். சட்டைக்கு மேலே போட்டிருந்த இன்னொரு சட்டையைக் குழு கணினியில் அழித்துவிட்டிருந்தது. வெறும் ஒற்றைச் சட்டையில் அவர் வெடவெடப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. திரை கொஞ்சம் ஆடிக்கொண்டும் இருந்தது. ஜெனரேட்டர் அதிர்வு.

அவள் தாச்சியின் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியவரே, கெஞ்சிக் கேக்குறேன். சின்னதா ஒரு அடக்கம். பந்தல் வேண்டாம், பானை வேண்டாம். அவரைக் குடுத்துருங்க, நான் புதைச்சுக்கிறேன்."

தாச்சி உண்மையிலேயே திகைத்துப்போனார். கெட்ட மனிதர் அல்ல. மருமகன் யாவை அவருக்குப் பிடிக்கும். "என்னம்மா பேசுற? எங்க பிள்ளைக்குச் சின்ன அடக்கமா? ஊரு என்ன சொல்லும்? குடும்பத்து ஆளைக் குடும்பம்தான் அடக்கம் பண்ணும். நீ எங்க வீட்டுக்கு வந்த பொண்ணு, உனக்குச் சொல்லித் தரணுமா?"

"அதுவரைக்கும் அவர் அந்தப் பெட்டியிலயே கிடக்கணுமா?"

"பெரிய காரியத்துக்காகத்தானே கிடக்கிறான்" என்றார் தாச்சி. அவர் குரல் தழுதழுத்தது.

ஒரு வழியாக மாநாட்டுக்குத் தேதி உறுதியானது. கூடவே இன்னொரு நல்ல செய்தியும் வந்தது. டாக்டர் சார்பொங்கின் நிறுவனம், 'ஆப்பிரிக்காவின் முதல் பசுமை இறுதிச்சடங்கு' என்று இதற்கு ஒரு கேடயம் தர முன்வந்தது. நிபந்தனை ஒன்றுதான். சடங்கினால் எவ்வளவு புகை வெளியேறியது என்று கணக்கிட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். வழக்கமான ஒரு சாவுச் சடங்கைவிட அது குறைவாக இருக்க வேண்டும். அவ்வளவே.

சார்பொங் வேறொரு நிறுவனப் பயணத்தின் நடுவில் இறங்கி வந்து, குழுவைக் கூட்டி, மடிக்கணினியைத் திறந்தார். நாற்காலிகளைக் கூட்டினார். மரத்தில் அடைபட்ட கார்பன் என்று கழித்தும் கொண்டார். பானைகளைக் கூட்டினார். பச்சைக் கரையைக் கூட்டினார். அவருடைய முகத்தில் திருப்தி இருந்தது. பிறகு பிணவறை அனுப்பிய குளிர்பெட்டியின் மின்சாரமும் டீசலும் உள்ளே போயின. அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னப்பா?" என்றார் தாச்சி.

"தாத்தா, நம்ம கணக்குல முக்காவாசிக்கு மேல ஒரே ஆள் செஞ்சிருக்காரு."

"எவன் அவன்?"

"மாமா."

"எங்கண்ணனா?" என்றாள் ஸெர்வா. "அவர் விசிறிகூடப் போட மாட்டாரேடா."

"அது முன்னாடி. இப்ப இந்தக் குடும்பத்துலயே அதிகமாக் குளிர்சாதனம் உபயோகிக்கிறவர் அவர்தான். அவரையும் கணக்குல சேத்தா நாம ஒரு சாதாரணச் சடங்கைவிட அஞ்சாறு மடங்கு மேல. கேடயம் கிடைக்காது. நிறுவனத்துல என் பேரும் கெட்டுடும்."

"பிணவறைக்காரன் மேல போட்டுடு."

"அவங்க வாடிக்கையாளருக்காக ஓட்டுறாங்க தாத்தா. முறைப்படி யார் பயன்படுத்துறாங்களோ அவங்கதான் பொறுப்பு."

"நாமதானே அவனை உள்ள வச்சோம்" என்று தாச்சி மெல்ல ஆரம்பித்தார். அறை முழுவதும் அவரை ஒருமாதிரியாகப் பார்த்தது. அவர் இருமிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"பெட்டிக்குள்ள படுத்திருக்கிறது நாம இல்ல" என்றார் சார்பொங். "தனிமனிதப் பொறுப்புன்னா அதான்."

பின்வரிசையில் கறுப்புத் துணியோடு உட்கார்ந்திருந்த அஃப்ரியேவுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. எழுந்து கத்தலாம் என்று வாயையும் திறந்தாள். கத்தினால் என்ன நடக்கும் என்று யோசித்தாள். துக்கத்தில் பேசுகிறாள் என்பார்கள். யாராவது அவளுக்குப் பானைத் தண்ணீர் கொடுப்பார்கள். மாநாடு இன்னொரு முறை தள்ளிப்போகும். அவர் அங்கேயே கிடப்பார், வாரிசுத் தகராறுக்காரருக்குப் பக்கத்தில். வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெல்ல நடந்து வந்து, குழுவின் முன்னால் மண்டியிட்டாள்.

"என் புருஷன் இந்தக் குடும்பத்துக்குச் செஞ்ச துரோகத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

ஸெர்வா உருகிப்போனாள். "அண்ணி, எந்திரிங்க. உங்க தப்பு என்ன இருக்கு."

"என் தப்பும் இருக்கு. அவர் இப்படிப்பட்டவர்னு தெரியாம இத்தனை வருஷம் கூட இருந்துட்டேன்." அஃப்ரியே தாச்சியைப் பார்த்தாள். "பெரியவரே, எனக்கு வழக்கம் தெரியாது. நீங்கதான் சொல்லணும். குடும்பத்துக்குக் கெட்ட பேர் கொண்டுவர்றவனை அந்தக் காலத்துல என்ன பண்ணுவாங்க?"

வழக்கம் பற்றி யாராவது கேட்டால் தாச்சியால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "விலக்கி வைப்பாங்க. என் பாட்டனார் காலத்துல ஒருத்தனை அப்படி வச்சாங்க. அம்மன் காட்டுல திருடினவன். முன்னோருக்குச் சாராயம் ஊத்திச் சொல்லிட்டா முடிஞ்சுது. அப்புறம் அவனோட நல்லது கெட்டது எதுவும் நம்மைச் சேராது."

"எதுவுமே சேராதா?"

"எதுவுமே."

டாக்டர் சார்பொங் மடிக்கணினியிலிருந்து மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். "கணக்கும் சேராது" என்றார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே நல்ல காரியத்தை நினைத்தார்கள்.

"அண்ணன் இல்லாம அண்ணனுக்குச் சடங்கா?" என்றாள் ஸெர்வா. கண்ணீர் உண்மையானது.

"அம்மா, படம் இருக்கு. சுவரளவு படம். யாரும் பெட்டியைத் திறந்து பாக்கப் போறதில்ல."

"துணியெல்லாம் வந்து இறங்கிடுச்சே, அதை என்ன பண்றது?"

"துணிக்கு ஒண்ணும் ஆகாதும்மா. சடங்கு நடக்கும். அவர் மட்டும் இருக்க மாட்டார்."

ஸெர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தீர்மானம் அன்றைக்கே நிறைவேறியது. 'பூமிக்கு இழைத்த தீங்கினால் குடும்பத்தின் பசுமைக்குக் களங்கம் விளைவித்த யாவ் நியார்கோ, இனி இக்குடும்பத்தைச் சேர்ந்தவரல்லர்.' தாச்சி முற்றத்தில் நின்று, குப்பியைச் சாய்த்து, முன்னோர்கள் பேரைச் சொல்லித் தரையில் சாராயம் ஊற்றினார். கடைசிச் சொட்டு விழும்போது குரலைத் தாழ்த்தினார். "யாவ், உன் மேல எங்களுக்குக் கோவம் இல்லப்பா. கணக்குத்தான்."

அஃப்ரியே எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"அப்ப பிரேதம், பெரியவரே?"

"எங்களுக்குத் தெரியாதம்மா. எங்க ஆள் இல்ல."

"நானே எங்கயாவது புதைச்சுக்கவா?"

"பாவம், உன் தலைவிதி" என்றார் தாச்சி. தன் பெருந்தன்மையில் அவருக்கே கண் கலங்கியது. "காவலாளிக்கு நான் சொல்லிடறேன்."

மறுநாளே புதைத்தாள். அவளுடைய சகோதரனின் நிலத்தில், மரநிழல் படாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டச் சொன்னாள். நிழலில் தோண்டலாமே, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றார்கள் தோண்டியவர்கள். அவள் கேட்கவில்லை. நண்பகலுக்குக் காத்திருந்தாள். அவரிடம் படித்த சிலர் நடந்தே வந்தார்கள். தேவாலயத்திலிருந்து ஒருவர் வந்து சுருக்கமாக ஜெபித்தார். மான்சா அன்று கடை போடவில்லை.

பெட்டியை மூடுமுன் அஃப்ரியே அவருடைய நெற்றியில் கை வைத்தாள். கையை எடுக்காமல் நின்றாள்.

"எப்படி இருக்காரு?" என்று கேட்டாள் மான்சா.

"இன்னும் சில்லுன்னுதான் இருக்காரு."

மான்சா குனிந்து, தோண்டிப் போட்ட மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "நல்லாச் சுடுது. கொஞ்ச நாள்ல சரியாயிரும்."

அஃப்ரியே அப்போதுதான் அழுதாள். இத்தனை மாதங்களாகக் குழுக் கூட்டங்களில் அழ நேரம் ஒதுக்கப்படவில்லை.

பசுமை இறுதிச்சடங்கு, மாநாடு முடிந்த சனிக்கிழமை, குறித்தபடி கோலாகலமாக நடந்தது. அக்ராவிலிருந்து கார்கள் பச்சை நாடா கட்டிக்கொண்டு வரிசையாக வந்தன. பானைத் தண்ணீர் சூடாக இருந்ததால் ஐஸ் லாரி ஒன்று வரவழைக்கப்பட்டது. ஸெர்வா மூர்ச்சையாகி விழுந்து, எழுந்து, துணியைச் சரிசெய்துகொண்டு மறுபடி விழுந்தாள். பேசிய ஒவ்வொருவரும், மறைந்தவரின் எளிய வாழ்க்கையிலிருந்து நாமெல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். பிரேதம் இல்லாததால் பந்தலில் ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால் இடம் கொஞ்சம் தாராளமாக இருந்தது. டாக்டர் சார்பொங் கேடயத்தை வாங்கிக்கொண்டு, அதைப் பற்றி விளக்குவதற்காக மறுநாள் நிறுவனச் செலவில் நியூயார்க் போனார். இறந்தவர் இல்லாத இறுதிச்சடங்கே புகையை வெகுவாகக் குறைக்கும் வழி என்று அங்கே அவர் நிரூபித்தது இப்போது பல நாடுகளில் பேசப்படுகிறது.

குழுவின் அறிக்கையில் ஒரு பத்தி மட்டும் எல்லோராலும் பாராட்டப்பட்டது. "ஏற்பட்ட தீங்குக்குத் தனிமனிதர் ஒருவரே பொறுப்பு என்று கண்டறியப்பட்டது. அவர்மீது உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர் தமது பொறுப்பை மறுக்கவில்லை."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பூமி சூடானதற்கு இதுவரை எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேரிடம் பொறுப்புக் கேட்டிருக்கிறார்கள்; மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவர் இவர் ஒருவர்தான். அப்படி ஒருவர் கிடைக்க, அவர் முதலில் சாக வேண்டியிருந்தது. நாமெல்லோரும் உயிரோடிருக்கிறோம். ஆகவே நம்மை யாரும் ஒன்றும் கேட்க முடியாது.